காணாமல் போன டிஸ்க் இடம்: யூனிக்ஸ் கேள்வி பதில்

போன இதழில் ஒரு வாசகர், "ஃபைலை அழித்தேன், டிஸ்க்கில் இடம் வரவில்லை, ஏன்?" என்று கேட்டிருந்தார். "அந்த ஃபைலை ஏதோ ஒரு பிராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) இன்னும் திறந்து வைத்திருக்கிறது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். அது போதாது என்று வந்த கடிதங்கள் சொல்லிவிட்டன. அதனால் இந்த முறை பக்கம் முழுக்க இந்த ஒரே விஷயம்தான். கட்டளைகளை வழக்கம்போலத் தமிழ் எழுத்தில் தருகிறேன். எழுத்தெழுத்தாக உச்சரித்தபடி சின்ன எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் சர்வரில் 100 ஜிபி பார்ட்டிஷன் ஒன்று. டிஎஃப் போட்டால் 97 ஜிபி செலவாகிவிட்டது என்கிறது. டியூ போட்டுக் கூட்டினால் 41 ஜிபிதான் வருகிறது. மீதி 56 ஜிபியை ஃபைல் சிஸ்டம் தொலைத்துவிட்டதா?
(சர்வர் பராமரிக்கும் வாசகர்)

பதில்: தொலைத்திருக்க வாய்ப்பு குறைவு. முதலில் இந்த இரண்டு கட்டளைகளும் எதைப் படிக்கின்றன என்று பாருங்கள். இரண்டும் படிப்பது ஒரே பேரேட்டை அல்ல.

டிஎஃப் எந்த டைரக்டரிக்குள்ளும் போவதில்லை. மொத்தம் எத்தனை பிளாக் (டிஸ்க் இடத்தின் சின்னத் துண்டு), அதில் காலி எத்தனை என்று ஃபைல் சிஸ்டம் தானே ஒரு எண் வைத்திருக்கிறது. அதைச் சிஸ்டத்தின் மையமான கர்னலிடம் கேட்டு வாங்கி அப்படியே காட்டுகிறது. எவ்வளவு பெரிய டிஸ்க்காக இருந்தாலும் கண் இமைக்கும் நேரத்தில் பதில் வருவது அதனால்தான். டியூ ஒவ்வொரு டைரக்டரியாக இறங்கி, பெயர் உள்ள ஒவ்வொரு ஃபைலிடமும் "உனக்கு எத்தனை பிளாக்?" என்று கேட்டுக் கூட்டிக்கொண்டே போகிறது. பெயர் இல்லாத ஃபைல் அதன் கண்ணில் படாது.

பெயர் இல்லாத ஃபைல் என்று ஒன்று உண்டா என்றால், யூனிக்ஸில் உண்டு. பெயர் இருப்பது டைரக்டரியில். ஃபைல் இருப்பது ஐநோடில், அதாவது அதன் விவரங்களையும் அதன் பிளாக்குகள் எவை என்பதையும் வைத்திருக்கும் பதிவில். ஆர்எம் கட்டளை எடுத்துவிடுவது பெயரை மட்டும்தான். அதற்காக அது கூப்பிடும் சிஸ்டம் காலின் பெயரே 'அன்லிங்க்', அதாவது முடிச்சை அவிழ்ப்பது. ஒவ்வொரு ஐநோடுக்கும் இரண்டு எண்ணிக்கை உண்டு. எத்தனை பெயர்கள் அதைச் சுட்டுகின்றன என்பது ஒன்று, எத்தனை இடங்களில் அது திறந்திருக்கிறது என்பது மற்றொன்று. இரண்டும் பூஜ்யத்துக்கு வந்தால்தான் அதன் பிளாக்குகள் காலிக் கணக்கில் சேரும். உங்கள் 56 ஜிபியில் பெரும்பகுதி, அழித்தும் மூடப்படாத ஃபைல்களாகத்தான் இருக்கும்.

கண்டுபிடிக்க எல்எஸ்ஓஎஃப் கட்டளைக்கு 'பிளஸ் எல்1' என்ற ஆப்ஷன் கொடுங்கள் (ஆப்ஷனில் உள்ள அந்த 'எல்' மட்டும் பெரிய எழுத்து). பெயர் எண்ணிக்கை ஒன்றுக்கும் கீழே போன, ஆனால் இன்னும் திறந்திருக்கும் ஃபைல்களை மட்டும், அவற்றை வைத்திருக்கும் பிராசஸ் எண்ணோடு காட்டும். ரூட்டாக (நிர்வாகிக் கணக்கில்) இருந்து போடுங்கள், இல்லையென்றால் மற்றவர்களின் பிராசஸ்கள் தெரியாது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பட்டியலைப் பார்த்ததும் அந்தப் பிராசஸைக் கொன்றுவிடாதீர்கள். பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஓரிடத்தில், நள்ளிரவில் லாக் பார்ட்டிஷன் 100 சதவீதம் நிரம்பி டேட்டாபேஸ் நின்றுவிட்டது. கூட இருந்த இளைஞர் பெரிய லாக் ஒன்றை அழித்தார். இடம் வரவில்லை. அடுத்ததை அழித்தார், அதற்கு அடுத்ததையும் அழித்தார். ஒரு மணி நேரத்தில் டைரக்டரி துடைத்தாற்போல் ஆகிவிட்டது, டிஎஃப் மட்டும் அதே 100. கடைசியில் மெஷினை ரீபூட் செய்தோம். இடம் மொத்தமும் திரும்பி வந்தது, ஆனால் சிக்கல் எங்கே தொடங்கியது என்று சொல்லக்கூடிய அத்தனை லாக்கும் போய்விட்டது. அது லினக்ஸ் மெஷின். ப்ராக் டைரக்டரியில், பிராசஸ் எண்ணின் கீழ், 'எஃப்டி' என்ற டைரக்டரியில் அந்த அழிந்த ஃபைல்கள் எல்லாம் உயிரோடு இருந்தன. சாதாரண சிபி கட்டளையால் வேறு டிஸ்க்குக்குக் காப்பி எடுத்திருக்கலாம். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். அன்று எனக்கு அது தெரியாது. அதன் பிறகு யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்கிறேன்: இடம் வரவில்லை என்றால் அடுத்த ஃபைலை அழிக்காதீர்கள், கையை எடுங்கள்.

காப்பி எடுத்த பிறகு, அதே எஃப்டி வழியாக ஃபைலைப் பூஜ்ய நீளத்துக்கு வெட்டிவிடலாம். பிராசஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே இடம் கிடைத்துவிடும். ஒரு நுணுக்கம் உண்டு. அந்தப் புரோகிராம் லாக்கை 'அப்பெண்ட்' முறையில் திறந்திருந்தால் அடுத்த வரி பூஜ்யத்திலிருந்து எழுதப்படும். அப்படித் திறக்கவில்லையென்றால் விட்ட இடத்திலிருந்தே, அதாவது 50 ஜிபி தள்ளி எழுதும். முன்னால் இருப்பது வெறும் ஓட்டை. இப்படி ஓட்டை விழுந்த, இன்னும் பெயர் உள்ள ஒரு லாக்கை எல்எஸ் போட்டுப் பார்த்தால் 50 ஜிபி என்று காட்டும், டியூ சில கேபி என்று காட்டும். பயப்பட வேண்டாம், ஓட்டைக்கு டிஸ்க்கில் பிளாக் கிடையாது, இங்கே டியூ சொல்வதுதான் சரி.

கேள்வி: நீங்கள் சொன்ன எல்எஸ்ஓஎஃப் போட்டேன். ஒரு வரிகூட வரவில்லை. ஆனால் 20 ஜிபி காணவில்லை. இப்போதாவது இது ஃபைல் சிஸ்டம் பக் என்று ஒப்புக்கொள்வீர்களா?
(போன இதழில் கேட்ட அதே வாசகர்)

பதில்: ஒப்புக்கொள்ளும் இடத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். அதற்கு முன் நாலு மூலைகளைத் தட்டிப் பார்த்துவிடுங்கள். எல்எஸ்ஓஎஃப்புக்குத் தெரிவது பிராசஸ்கள் பிடித்திருப்பது மட்டும். கர்னல் தானே பிடித்திருப்பது அதற்குத் தெரியாது.

முதல் மூலை, லூப் டிவைஸ். ஒரு டிஸ்க் இமேஜை (டிஸ்க்போலவே அமைந்த ஃபைலை) மவுண்ட் செய்துவிட்டு, அதாவது ஒரு டைரக்டரியோடு இணைத்துவிட்டு, பிறகு அந்த இமேஜ் ஃபைலை யாராவது அழித்திருந்தால், அதைப் பிடித்திருப்பது கர்னல். எல்ஓசெட்அப் கட்டளைக்கு 'மைனஸ் ஏ' கொடுத்தால், பெயருக்குப் பக்கத்தில் 'டெலீட்டட்' என்று போட்டிருக்கும். அடுத்தது, மெமரி போதாதபோது கர்னல் பயன்படுத்தும் ஸ்வாப் ஃபைல். பழைய லினக்ஸ் கர்னல்களில் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்வாப்பை அழித்தாலும் இதே கதைதான்; இன்றைய கர்னல் அதை அழிக்க விடாது. ப்ராக்கில் உள்ள 'ஸ்வாப்ஸ்' ஃபைல் காட்டிக்கொடுத்துவிடும். மூன்றாவது கொஞ்சம் அபூர்வம். யூனிக்ஸ் சாக்கெட் வழியாக ஒரு பிராசஸ் தான் திறந்த ஃபைலை இன்னொரு பிராசஸுக்குக் கைமாற்றலாம். அனுப்பியவர் தன் பக்கத்தை மூடிவிட்டார், வாங்க வேண்டியவர் இன்னும் வாங்கவில்லை என்றால், அந்த ஃபைல் யார் கையிலும் இல்லாமல் நடுவழியில் நிற்கிறது. திறந்திருக்கிறது, ஆனால் எந்தப் பிராசஸின் பட்டியலிலும் இல்லை.

நான்காவது மூலைதான் என் அனுபவத்தில் அதிகம் அகப்படுவது. மவுண்ட் பாயின்ட்டுக்கு அடியில் பாருங்கள். பேக்கப் டிஸ்க் ஒருநாள் மவுண்ட் ஆகாமல் இருந்திருக்கும். பேக்கப் ஸ்கிரிப்ட்டுக்கு அது தெரியாது, வெறும் டைரக்டரிக்குள் 20 ஜிபியை எழுதிவிட்டது. மறுநாள் டிஸ்க் ஒழுங்காக அதே டைரக்டரியின் மேல் மவுண்ட் ஆகிவிட்டது. அடியில் உள்ள 20 ஜிபி, சிஸ்டம் இருக்கும் ரூட் பார்ட்டிஷனைச் சாப்பிட்டுக்கொண்டே இருக்கும், டியூவால் அதை எட்ட முடியாது. ரூட்டை வேறொரு காலி டைரக்டரியில் 'பைண்ட்' முறையில் மவுண்ட் செய்து அங்கே டியூ போடுங்கள். மேலே மூடியிருப்பவை விலகி அடித்தளம் தெரியும்.

இவை எதிலும் இல்லையென்றால், ஆமாம், இது பக்காக இருக்கலாம். எந்த வகைப் பக் என்று பிரித்தறியும் முறை எனக்கு மிகவும் பிடித்தது, நிதானமாகச் சொல்கிறேன்.

ஒரு வகை, மெமரியில் நடக்கும் எண்ணிக்கைப் பிழை. கர்னலுக்குள் எந்த வேலையாக இருந்தாலும் ஐநோடைத் தொடும்போது எண்ணிக்கையை ஒன்று ஏற்ற வேண்டும், விடும்போது ஒன்று இறக்க வேண்டும். எல்லாம் நல்லபடியாக நடக்கும் வழியில் இந்த ஏற்றமும் இறக்கமும் சரியாகத்தான் இருக்கும். நடுவில் ஒரு எரர் வந்து பாதியில் திரும்பும் வழியில், இறக்குவதை எழுத மறந்திருப்பார்கள். அந்த வழி ஆயிரத்தில் ஒரு முறை ஓடும். ஓடிய ஒவ்வொரு முறையும் ஒரு ஐநோடு மாட்டிக்கொள்ளும். பிறகு அந்த ஃபைலை அழித்தாலும் எண்ணிக்கை பூஜ்யத்துக்கு வராது, பிளாக்குகள் திரும்பாது. லினக்ஸில் இப்படி மாட்டிக்கொண்ட ஐநோடுகள் இருந்தால், அன்மவுண்ட் செய்யும்போது 'அன்மவுண்டுக்குப் பின்னும் பிஸியாக உள்ள ஐநோடுகள்' என்ற பொருளில் கர்னல் லாக்கில் ஒரு எச்சரிக்கை வரும்.

இன்னொரு வகை, டிஸ்க்கிலேயே கணக்கு தப்பாக எழுதப்பட்டிருப்பது. பிளாக் 'எடுக்கப்பட்டது' என்று பிட்மேப்பில் (எந்த பிளாக் காலி, எது காலியில்லை என்ற அட்டவணையில்) குறிக்கப்பட்டிருக்கும், எந்த ஐநோடும் அதைச் சொந்தம் கொண்டாடாது.

இரண்டையும் பிரிக்க, சுத்தமாக ரீபூட் செய்து கர்னல் லாக்கைப் படியுங்கள். லினக்ஸின் ஃபைல் சிஸ்டங்களான எக்ஸ்ட்3, எக்ஸ்ட்4 இரண்டும், பெயர் போய் இன்னும் விடுவிக்கப்படாத ஐநோடுகளை 'ஆர்ஃபன்' பட்டியல் என்று டிஸ்க்கிலேயே ஒரு சங்கிலியாகக் கோத்து வைக்கின்றன. அடுத்த மவுண்டில் அந்தச் சங்கிலியைப் பிடித்து ஒவ்வொன்றாக விடுவித்து, இத்தனை ஆர்ஃபன் ஐநோடுகள் அழிக்கப்பட்டன என்று ஒரு வரி எழுதும். அந்த வரி வந்து 20 ஜிபியும் திரும்பினால், ஃபைலை யாரோ மெமரியில் பிடித்திருந்தார்கள் என்று அர்த்தம். ரீபூட்டுக்குப் பிறகும் இடம் வரவில்லை, ஆனால் எஃப்எஸ்சிகே (ஃபைல் சிஸ்டத்தின் கணக்கைச் சரிபார்த்துத் திருத்தும் கட்டளை) ஓட்டியதும் வந்தது என்றால் டிஸ்க்கில் எழுதிய கணக்குதான் கசிந்திருக்கிறது. எஃப்எஸ்சிகே ஓட்டியும் ஒன்றும் மாறவில்லை என்றால் ஃபைல் சிஸ்டத்தின் மேல் குற்றமில்லை. அந்த 20 ஜிபி நிஜமாகவே எங்கோ இருக்கிறது. நான்காவது மூலையை இன்னொரு முறை பாருங்கள்.

கேள்வி: டிஎஃப் 30 சதவீதம் காலி என்கிறது. ஃபைல் எழுதப் போனால் 'டிவைஸில் இடம் இல்லை' என்று எரர். எது பொய்?
(வெப் புரோகிராமர்)

பதில்: எதுவும் பொய் இல்லை. டிஎஃப்புக்கு 'மைனஸ் ஐ' கொடுத்துப் பாருங்கள், ஐநோடு தீர்ந்திருக்கும். எக்ஸ்ட்4 உருவாக்கும்போதே ஐநோடு எண்ணிக்கையை முடிவு செய்துவிடுகிறது. வழக்கமான அளவு 16,384 பைட்டுக்கு ஒன்று. 1 டிபி பார்ட்டிஷனுக்கு ஏறக்குறைய 6 கோடியே 71 லட்சம். கேட்க மலைப்பாக இருந்தாலும், செஷன் ஃபைல்களை உருவாக்கிக்கொண்டே போய் அழிக்க மறக்கும் புரோகிராம் அதையும் தீர்த்துவிடும். பிளாக் தீர்ந்தாலும் ஐநோடு தீர்ந்தாலும் கர்னல் திருப்பித் தரும் எரர் எண் ஒன்றேதான், 28. அதனால்தான் குழப்பம்.

லினக்ஸின் இன்னொரு ஃபைல் சிஸ்டமான பிடிஆர்எஃப்எஸ்ஸாக இருந்தால் காரணம் வேறு. அது டிஸ்க்கைப் பெரிய துண்டுகளாக வெட்டி, இது டேட்டாவுக்கு, இது மெட்டாடேட்டாவுக்கு (ஃபைல்களைப் பற்றிய விவரங்களுக்கு) என்று ஒதுக்கிவிடுகிறது. டேட்டா துண்டுகள் பாதி காலியாக இருக்கும். மெட்டாடேட்டாவுக்குப் புதுத் துண்டு வெட்ட இடம் இருக்காது. முழுக்கக் காலியான துண்டைத் தானே திரும்ப எடுத்துக்கொள்ளும் வசதி லினக்ஸ் 3.18இல்தான் வந்தது. பாதி காலியானவற்றை ஒன்றுசேர்க்க நீங்கள் 'பேலன்ஸ்' ஓட்ட வேண்டும்.

கேள்வி: புது 1 டிபி டிஸ்க். ஒரு ஃபைல்கூடப் போடவில்லை, அதற்குள் 50 ஜிபி போய்விட்டதே?
(வாசகி)

பதில்: எக்ஸ்ட் குடும்பம் 5 சதவீதத்தை ரூட்டுக்கென்று ஒதுக்கி வைக்கிறது. டிஸ்க் நிரம்பினாலும் சிஸ்டம் மூச்சுவிட வேண்டும் என்பதற்காகவும், காலி இடம் துணுக்குத் துணுக்காகச் சிதறாமல் இருக்கவும். 1980களில் வந்த பெர்க்லி ஃபாஸ்ட் ஃபைல் சிஸ்டம் இதே காரணத்துக்காக 10 சதவீதம் ஒதுக்கியது. வெறும் படங்களும் பேக்கப்பும் வைக்கும் டிஸ்க் என்றால் டியூன்2எஃப்எஸ் கட்டளையில் 'மைனஸ் எம்' போட்டு 1 சதவீதமாகக் குறைத்துக்கொள்ளுங்கள். ரூட் பார்ட்டிஷனில் மட்டும் கை வைக்காதீர்கள்.

கேள்வி: பழைய யூனிக்ஸில் கரண்ட் போனாலே டிஸ்க்கில் கொஞ்சம் இடம் தொலைந்துவிடும் என்று எங்கள் பேராசிரியர் சொன்னார். அவ்வளவு திறமைசாலிகள் எழுதியதில் இப்படி ஒரு ஓட்டையை ஏன் விட்டார்கள்?
(கணினி அறிவியல் மாணவி)

பதில்: இந்தக் கேள்விக்காகவே பக்கத்தில் இடம் ஒதுக்கி வைத்தேன், அம்மா. உங்கள் பேராசிரியர் சொன்னது உண்மை. ஆனால் அது கவனக்குறைவால் விட்ட ஓட்டை அல்ல.

1979இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் பிட்மேப் கிடையாது. காலி பிளாக்குகள் ஒரு சங்கிலி. ஃபைல் சிஸ்டத்தின் மொத்தக் கணக்கு உள்ள சூப்பர்பிளாக்கில் 50 காலி பிளாக் எண்கள் வரை இருக்கும். அவற்றில் ஒரு பிளாக்குக்குள் அடுத்த 50 எண்கள், அதில் ஒன்றுக்குள் அதற்கடுத்த 50, இப்படியே போகும். இதன் முனையைக் கர்னல் மெமரியில் வைத்துக்கொண்டு அவ்வப்போதுதான் டிஸ்க்கில் எழுதும். நடுவில் மெஷின் விழுந்தால் டிஸ்க்கில் இருப்பது பழைய சங்கிலி. விழுவதற்குச் சற்று முன் அழித்த ஃபைலின் பிளாக்குகள் சங்கிலியிலும் இருக்காது, எந்த ஃபைலிலும் இருக்காது. சங்கிலியில் ஒரு கண்ணி கெட்டால் அதற்குப் பின்னால் உள்ளது அத்தனையும் போயிற்று.

இதைச் சரிபார்க்க அன்று 'ஐசெக்' என்ற கட்டளை இருந்தது. எல்லா ஐநோடுகளையும் படித்து, எந்த பிளாக் யாருடையது என்று வரைந்து, காலிச் சங்கிலியோடு ஒப்பிட்டு, எதிலும் சேராதவற்றை 'மிஸ்ஸிங்' என்று எண்ணிக் காட்டும். 'மைனஸ் எஸ்' கொடுத்தால் பழைய சங்கிலியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகக் கோத்துவிடும். ரூட் ஃபைல் சிஸ்டத்தில் இதைச் செய்தால் உடனே ரீபூட் செய்யுங்கள் என்று கையேடு எச்சரித்தது. மெமரியில் உள்ள பழைய, தப்பான சூப்பர்பிளாக்கைக் கர்னல் தொடர்ந்து பயன்படுத்திவிடக் கூடாதல்லவா? அதற்காக. அதன் பிறகு பெல் ஆய்வகத்தில் டெட் கோவால்ஸ்கி எழுதிய எஃப்எஸ்சிகே இந்த மாதிரிச் சோதனைகளையெல்லாம் ஒரே கட்டளையில் திரட்டியது.

இனி உங்கள் 'ஏன்' கேள்வி. ஃபைலுக்கு ஒரு புது பிளாக் கொடுக்க வேண்டும். டிஸ்க்கில் இரண்டு இடத்தில் எழுதியாக வேண்டும். "இந்த பிளாக் எடுக்கப்பட்டது" என்று காலிக் கணக்கில் ஒன்று, "இந்த பிளாக் எனக்கு" என்று ஐநோடில் ஒன்று. இரண்டையும் ஒரே நொடியில் எழுத டிஸ்க்கால் முடியாது. ஏதாவது ஒன்று முதலில் போகும், நடுவில் கரண்ட் போகலாம்.

காலிக் கணக்கை முதலில் எழுதி, ஐநோடை எழுதுவதற்குள் விழுந்தால் ஒரு பிளாக் யாருக்கும் இல்லாமல் போகும். நஷ்டம் ஒரு பிளாக், ஏழாம் பதிப்பில் 512 பைட். ஐநோடை முதலில் எழுதி, காலிக் கணக்கை எழுதுவதற்குள் விழுந்தால்? அந்த பிளாக் ஃபைலிலும் இருக்கிறது, காலி என்றும் எழுதியிருக்கிறது. நாளைக்கே இன்னொருவருடைய ஃபைலுக்கு அதைக் கொடுத்துவிடும். இரண்டு பேர் ஒரே பிளாக்கில் எழுதுவார்கள். உங்கள் ஆய்வுக் கட்டுரையின் நடுவில் அடுத்தவரின் கடிதம் வந்து உட்காரும், அவருடைய ரகசியத்தை நீங்கள் படிப்பீர்கள். இந்த நஷ்டத்துக்கு அளவு கிடையாது. பல நாள் கழித்துத்தான் தெரியவும் வரும்.

அழிக்கும்போது இதே தர்க்கம் தலைகீழாக வரும். முதலில் ஐநோடிலிருந்து பிளாக் எண்ணை நீக்கி டிஸ்க்கில் எழுதிவிட்டு, அதற்குப் பிறகே "காலி" என்று குறிக்க வேண்டும். நடுவில் விழுந்தால் இங்கும் கசிவுதான், கலப்பு இல்லை. கசிவையும் கலப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் கசிவைத் தேர்ந்தெடுத்தார்கள். இடம் தொலைந்தால் எண்ணிப் பார்த்து மீட்டுவிடலாம். ஃபைல்கள் ஒன்றோடொன்று கலந்தால் எந்தக் கட்டளையாலும் பிரிக்க முடியாது. இந்தத் தேர்வை நான் மதிக்கிறேன்.

1983இல் பெர்க்லி யூனிக்ஸான 4.2 பிஎஸ்டியோடு வந்த ஃபாஸ்ட் ஃபைல் சிஸ்டம் சங்கிலியை விட்டுவிட்டு பிட்மேப்புக்கு மாறியது. மெக்குசிக், ஜாய், லெஃப்ளர், ஃபேப்ரி நால்வரும் 1984இல் அதை விவரித்துக் கட்டுரை எழுதினார்கள். ஐநோடு, டைரக்டரி மாற்றங்களை உடனுக்குடன் டிஸ்க்கில் எழுதி இந்த வரிசையைக் காத்தார்கள், வேகம் அடிபட்டது. ஆய்வாளர்கள் கேங்கரும் பாட்டும் வகுத்த 'சாஃப்ட் அப்டேட்ஸ்' முறை, எது எதற்கு முன் போக வேண்டும் என்ற வரிசையை மெமரியிலேயே நினைவில் வைத்துக்கொண்டு, எழுதுவதை மட்டும் தள்ளிப்போட்டது. அதை பிஎஸ்டியில் மெக்குசிக் எழுதிச் சேர்த்தார். அதில் மெஷின் விழுந்தால் மிஞ்சும் பிழைகள் கசிந்த பிளாக்குகள், கசிந்த ஐநோடுகள், கூடுதலாகக் காட்டும் லிங்க் எண்ணிக்கை என்ற அளவில் நின்றுவிடும். ஆபத்து இல்லாத பிழைகள் என்பதால் எஃப்எஸ்சிகே முடியும்வரை காத்திருக்காமல் உடனே மவுண்ட் செய்துவிட்டு, ஸ்னாப்ஷாட்டை (ஒரு கணத்தில் ஃபைல் சிஸ்டம் இருந்த நிலையின் பதிவை) வைத்துப் பின்னணியில் இடத்தை மீட்கலாம். 2003இல் ஃப்ரீபிஎஸ்டி 5.0 அப்படித்தான் செய்தது.

தள்ளிப்போடுவதால் இன்னொரு விளைவும் வந்தது. ஃபைலை அழித்தாலும் இடம் சில நொடிகள் கழித்தே நிஜமாகக் காலியாகும். அந்த இடைவெளியில் டிஎஃப் பார்ப்பவர்கள் குழம்பாமல் இருக்க, "விடுவிக்கக் காத்திருக்கும் பிளாக்குகள்" என்று சூப்பர்பிளாக்கில் தனியாக ஒரு எண் வைத்து, அதையும் காலியோடு கூட்டிக் காட்டுகிறார்கள். படிக்கும்போது இந்தச் சின்ன எண்ணை ஒருமுறை சோர்ஸ் கோடில் தேடிப் பாருங்கள்.

கேள்வி: எக்ஸ்ட் குடும்பத்துக்கான எஃப்எஸ்சிகேயான இ2எஃப்எஸ்சிகே ஓட்டினால் பிளாக் பிட்மேப்பில் வித்தியாசம் என்று மைனஸ் போட்ட எண்களும் பிளஸ் போட்ட எண்களும் வருகின்றன. 'ஒய்' தட்டலாமா?
(பெயர் வேண்டாம் என்றவர்)

பதில்: முதலில் சொல்லுங்கள், மவுண்ட் ஆகியிருக்கும்போதா ஓட்டினீர்கள்? அப்படியென்றால் அந்த எண்களுக்கு எந்த மதிப்பும் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஃபைல் சிஸ்டத்தின் பாதிக் கணக்கு மெமரியில் இருக்கிறது. டிஸ்க்கை மட்டும் படித்தால் வித்தியாசம் வரத்தான் செய்யும். அதை நம்பி 'ஒய்' தட்டினால் நல்ல ஃபைல் சிஸ்டத்தை நீங்களே கெடுப்பீர்கள். அன்மவுண்ட் செய்து, அல்லது ரெஸ்க்யூ டிஸ்க்கிலிருந்து பூட் செய்து ஓட்டுங்கள்.

அப்படியும் வந்தால், குறியைப் படியுங்கள். மைனஸ் என்றால் பிட்மேப்பில் எடுத்ததாகக் குறித்திருக்கிறது, ஆனால் சொந்தக்காரர் இல்லை. மேலே மாணவிக்குச் சொன்ன கசிவு இதுதான். தாராளமாக 'ஒய்' தட்டுங்கள், இடம் திரும்பும். பிளஸ் என்றால் ஒரு ஃபைல் அந்த பிளாக்கைப் பயன்படுத்துகிறது, பிட்மேப்போ காலி என்கிறது. அங்கே நிறுத்துங்கள். பேக்கப் இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு, டிஸ்க் இமேஜ் ஒன்று எடுத்துவிட்டுப் பிறகு சரிசெய்யுங்கள். அந்த பிளாக் ஏற்கெனவே வேறொரு ஃபைலுக்கும் போயிருந்தால், ஒரே பிளாக்குக்கு இரண்டு சொந்தக்காரர்கள் என்று முதல் சுற்றிலேயே புகார் வந்திருக்கும்; அந்த ஃபைல்களின் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள், அவற்றின் உள்ளடக்கத்தை நம்ப முடியாது.

கேள்வி: இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தில் எஃப்எஸ்சிகே கிடையாதே, அங்கே இடம் கசிந்தால்?
(வாசகர்)

பதில்: முதலில் ஸ்னாப்ஷாட்டுகளைப் பாருங்கள். ஃபைலை அழித்தாலும் பழைய ஸ்னாப்ஷாட் அதன் பிளாக்குகளைப் பிடித்திருக்கும். அது அதன் வேலை. மொத்த இடத்தில் 32இல் ஒரு பங்கை அவசரத்துக்கென்று அது ஒதுக்கி வைப்பதையும் கணக்கில் சேருங்கள். அழிப்பதற்கே கொஞ்சம் இடம் தேவைப்படும் ஃபைல் சிஸ்டம் அது. நிஜமாகவே சந்தேகம் என்றால், இசட்டிபி கட்டளைக்கு 'மைனஸ் பி' கொடுங்கள். ஒவ்வொரு பிளாக்காக எண்ணி, ஒதுக்கீட்டுக் கணக்கோடு ஒப்பிட்டு, கசிவு உண்டா இல்லையா என்று சொல்லும். பெரிய பூல் (டிஸ்க்குகளின் தொகுப்பு) என்றால் வெகுநேரம் ஆகும்.

கேள்வி: எங்கள் மெஷினில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இடம் குறைகிறது. ரீபூட்டுக்கும் மசியவில்லை, எஃப்எஸ்சிகே ஓட்டினால்தான் வருகிறது. இது கர்னல் பக் என்று எப்படி நிரூபிப்பது? சொன்னால் யாரும் நம்பவில்லை.
(சிஸ்டம் அட்மின்)

பதில்: நீங்கள் சொன்ன அறிகுறிகளை வைத்தே நான் நம்புகிறேன், தம்பி. மற்றவர்களையும் நம்பவைக்க ஒரு சின்னச் சோதனை போதும்.

ஓடும் சர்வரைத் தொடாதீர்கள். அதே கர்னல் உள்ள வேறொரு மெஷினில் 1 ஜிபிக்கு ஒரு ஃபைல் உருவாக்கி, அதற்குள் அதே வகை ஃபைல் சிஸ்டத்தை அமைத்து, லூப் வழியாக மவுண்ட் செய்யுங்கள். டிஎஃப் எண்ணைப் பிளாக் கணக்கில் குறித்துக்கொள்ளுங்கள். ஜிபி கணக்கில் சின்னக் கசிவு தெரியாது. இப்போது 'இடம் இல்லை' என்ற எரர் வரும்வரை நிரப்புங்கள். எரர் வந்த பிறகும் நிறுத்தாமல் பல பிராசஸ்களை ஒரே நேரத்தில் எழுத முயலவிடுங்கள். பிறகு எல்லாவற்றையும் அழித்து, 'சிங்க்' போட்டு, அன்மவுண்ட் செய்து, மறுபடி மவுண்ட் செய்து எண்ணைப் பாருங்கள். இதை நூறு முறை ஓடவிடுங்கள்.

நிரம்பும் விளிம்பை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்த வகைப் பிழை பதுங்கும் இடம் அதுதான். பிளாக்கை ஒதுக்கியாயிற்று, அடுத்த படியில் இடம் இல்லை என்று எரர், திரும்பும் வழியில் ஒதுக்கியதைத் திருப்பித் தர மறந்தாயிற்று. நான் ஒருமுறை இப்படித் துரத்திய ஒரு கசிவு, டிஸ்க் 80 சதவீதத்தில் இருந்தவரை மாதக்கணக்கில் ஒரு பிளாக்கைக்கூடத் தொலைக்கவில்லை. விளிம்பைத் தொட்ட ஒவ்வொரு சுற்றிலும் சொல்லி வைத்தாற்போல் தொலைத்தது.

முதல் சுற்றின் குறைவை எண்ணாதீர்கள். எக்ஸ்ட்4இல் ஒரு டைரக்டரி லட்சக்கணக்கான பெயர்களால் பெருத்துவிட்டால், பெயர்களை அழித்தாலும் அது முழுசாக இளைக்காது. எக்ஸ்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் ஐநோடுகளைத் தேவைப்படும்போது 64 கொண்ட தொகுதிகளாக உருவாக்கும். அதோடு, வளர்ந்துகொண்டிருக்கும் ஃபைலுக்கு முன்கூட்டியே இடம் பிடித்து வைத்து, சும்மா கிடந்தால் ஐந்து நிமிடம் கழித்து விடுவிக்கும். இவை எதுவும் கசிவு இல்லை. ஒரு அளவுக்குப் பிறகு நின்றுவிடும். இரண்டாவது சுற்றிலிருந்து நூறாவது சுற்றுவரை எண் அப்படியே நின்றால் கசிவு இல்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் குறைந்துகொண்டே போனால் அதுதான் நீங்கள் தேடியது.

அந்த எண்களின் பட்டியல், கர்னல் பதிப்பு, மவுண்ட் ஆப்ஷன்கள், கடைசிச் சுற்றுக்குப் பிறகு அன்மவுண்ட் செய்து, எதையும் திருத்தவிடாமல் ஓட்டிய எஃப்எஸ்சிகேயின் முழு வெளியீடு, உங்கள் ஸ்கிரிப்ட். இவ்வளவையும் சேர்த்து அந்த ஃபைல் சிஸ்டத்தைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்புங்கள். எக்ஸ்எஃப்எஸ்ஸுக்காக எஸ்ஜிஐ என்ற கணினி நிறுவனத்தில் தொடங்கிய 'எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸ்' என்ற சோதனைத் தொகுப்பை இன்று மற்ற லினக்ஸ் ஃபைல் சிஸ்டங்களுக்கும் ஓட்டுகிறார்கள்; ஒவ்வொரு சோதனை முடிந்ததும் ஃபைல் சிஸ்டத்தின் கணக்கைச் சரிபார்ப்பது அதன் வழக்கம். உங்கள் ஸ்கிரிப்ட் பத்து நிமிடத்துக்குள் பிழையைக் காட்டுகிறது என்றால் அந்தத் தொகுப்பிலேயே சேர்க்கும்படி கேளுங்கள். ஒரு பைட்டைக்கூட மாற்றாமல், கசிந்த நிலையிலேயே அந்த 1 ஜிபி ஃபைலையும் வைத்திருங்கள். அடுத்த கடிதத்தில் அவர்கள் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.